மூன்றாவது வாக்கியம்

பாமாவுக்கு மொத்தம் ஐந்து வாக்கியங்கள் தெரியும். தண்ணீர் வற்றிவிட்டது என்பது முதலாவது. கொடி கழுத்தைச் சுற்றியிருக்கிறது என்பது இரண்டாவது. குழந்தையின் துடிப்பு குறைகிறது, மூன்றாவது. தலை இன்னும் இறங்கவில்லை என்பதும், குழந்தை பெரிசு, இடுப்பு சின்னது என்பதும் மிச்சம் இரண்டு. இந்த ஐந்தையும் தமிழில் பதமாகச் சொல்வதற்காகத்தான் மகாராஷ்டிராவின் பாணேரில் இருந்த ஒரு தனியார் பிரசவ ஆஸ்பத்திரி பன்னிரண்டு வருஷமாக அவளுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது.

அவள் நர்ஸ் இல்லை. பத்தாவது முடித்துவிட்டு, ரிசப்ஷனில் ஃபைல் எடுத்துக் கொடுக்கச் சேர்ந்தவள். கட்கியில் பிறந்து கட்கியிலேயே வாழ்க்கைப்பட்டவள். அப்பா ஆர்டினன்ஸ் ஃபாக்டரியில் வேலை பார்த்தவர். வீட்டில் வேலூர்ப் பக்கத்துத் தமிழ், தெருவில் மராட்டி, கடையில் இந்தி என்று மூன்றையும் சரளமாகக் கலந்தடிப்பாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், வலியில் துடித்த சென்னைப் பெண் ஒருத்தி ஆபரேஷனுக்குச் சம்மதிக்காமல் அழுதுகொண்டிருந்தாள். பெரிய டாக்டரம்மா இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தார், இந்தியில் சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை. தண்ணீர் கொண்டுபோன பாமா அவள் கையைப் பிடித்து, பயப்படாத கண்ணு, குழந்தை நல்லா இருக்கணும்ல என்றாள். ஐந்து நிமிஷத்தில் கையெழுத்து வந்துவிட்டது.

மேடம் என்று எல்லாரும் கூப்பிட்ட அந்த டாக்டரம்மா ஆள் பார்ப்பதில் கெட்டிக்காரி. அடுத்த மாதமே பாமாவுக்கு நீலக்கரை போட்ட சேலையும், பேஷண்ட் கவுன்சிலர் என்று எழுதிய பேட்ஜும் கிடைத்தன. பக்கத்து ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் பெருகப் பெருக, சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் பிள்ளைத்தாச்சிகள் வந்துகொண்டே இருந்தார்கள். அந்நிய ஊரில் தமிழ் பேசும் ஒரு முகத்தைக் கண்டதும் அவர்களுக்கு உயிர் வந்துவிடும். பாமாவும் அவர்களிடம் தன் வீட்டுப் பேச்சைக் கழுவித் துடைத்துவிட்டு, நல்ல தமிழில் பேசக் கற்றுக்கொண்டாள். கட்டிலின் ஓரத்தில் உட்காருவாள். மணிக்கட்டைப் பிடிப்பாள். குரலைத் தாழ்த்துவாள். பயத்தைச் சத்தமாகச் சொன்னால் ஜனங்கள் கேள்வி கேட்பார்கள், மெதுவாகச் சொன்னால் கையெழுத்துப் போடுவார்கள் என்பது அவளாகவே கண்டுபிடித்தது.

சொல்வதில் எது நிஜம், எது மேடத்தின் சௌகரியம் என்று அவள் கேட்டதில்லை. நிஜமாகவே அவசரம் இருந்த நாட்களும் உண்டு, அதையும் அவள் இதே குரலில்தான் சொன்னாள். அது டாக்டர் பாடு, நமக்கெதற்கு என்று இருந்துவிட்டாள். பத்துப் பேர் வந்தால் ஏழு பேர் ஆபரேஷன் தியேட்டர் வழியாகத்தான் வீட்டுக்குப் போனார்கள். ஐந்து வாக்கியங்களில் மூன்றாவதற்குத்தான் பலம் அதிகம். அதைக் கேட்ட பிறகு யோசிக்க நேரம் வேண்டும் என்று சொன்ன தாய் ஒருத்தியும் இல்லை.

கோதையிடம் சொன்னதும் மூன்றாவதைத்தான். கோதை கோயம்புத்தூர்க்காரி, கம்ப்யூட்டர் வேலை. முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போவதுதான் வழக்கம். இவளோ அம்மாவை இங்கே வரவழைத்துக்கொண்டாள். ஊரில் அவள் சொந்தத்தில் நாலு பெண்களுக்கு நாலும் ஆபரேஷனாம். தமிழ்நாட்டைவிட மகாராஷ்டிராவில் ஆபரேஷன் குறைவு என்று இன்டர்நெட்டில் பார்த்தாளாம், அதனால்தான் இங்கேயே இருந்துவிட்டாளாம். பாமா சிரித்துவைத்தாள். படித்த பெண்தான், ஆனால் மாநிலத்துக் கணக்கைப் பார்த்தாளே ஒழிய, தான் படுக்கப்போகும் ஆஸ்பத்திரியின் கணக்கைக் கேட்கவில்லை. மாநிலக் கணக்கு குறைவாகத் தெரிவது அரசு ஆஸ்பத்திரி வாசலில் வரிசையில் நிற்கிறவர்களால். அவர்கள் யாரும் பாணேர்ப் பக்கம் வருவதில்லை.

கோதைக்கு ஒரு சனிக்கிழமை காலையில் வலி எடுத்தது. மத்தியானம் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. மேடத்துக்கு அன்று ஏழு மணிக்கு மகர்பட்டாவில் ஒரு கல்யாண வரவேற்பு. பாணேரிலிருந்து மகர்பட்டாவுக்கு ஊரையே குறுக்கே கடந்து போகவேண்டும். நாலு மணிக்கு மேடம் வராந்தாவில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பாமாவைப் பார்த்தார். துடிப்பு விஷயத்தைப் பேசிவிடு என்றார்.

பாமா போய் உட்கார்ந்து, மணிக்கட்டைப் பிடித்துச் சொன்னாள். கோதை அவள் முகத்தையே பார்த்தாள்.

"நெசமாலுமாங்க்கா?"

"நான் பொய் சொல்வேனா கண்ணு?"

கோதை கையெழுத்துப் போட்டாள். ஆறு மணிக்குள் ஆண் குழந்தை பிறந்தது. அது போட்ட சத்தத்தில் தியேட்டர் கதவே அதிர்ந்தது. குழந்தையைத் துடைத்துக்கொண்டிருந்த நர்ஸ் ஸ்டெல்லா, இவனுக்கா துடிப்பு குறைஞ்சுது, கொஞ்சம் விட்டா நம்ம காதுதான் போயிடும் என்று பாமாவைப் பார்த்துக் கண்ணடித்தாள். பாமாவும் சிரித்தாள்.

ஒரு மாதம் கழித்துக் கோதை பெரிய டப்பா நிறைய மைசூர்பாகு கொண்டுவந்து கொடுத்தாள். நீங்கள் மட்டும் அன்றைக்குச் சொல்லவில்லை என்றால் என் பிள்ளை எனக்கு இல்லை என்று காலில் விழப்போனாள். பாமா தடுத்துத் தூக்கினாள். டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோனதும் மகள் மீனு விஷயத்தைக் கேட்டுக்கொண்டு தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். எங்கம்மா மெஷினைப் பாத்தே கண்டுபிடிச்சு ஒரு புள்ளையைக் காப்பாத்திடுச்சு என்பது அவள் வாயில் கதையாக வளர்ந்தது. மீனுவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். பாமா அந்தக் கதையைத் திருத்தவில்லை. ஒரு துண்டு எடுத்துத் தானும் தின்றாள்.

ஆனால் மீனுவின் பிரசவம் என்று வந்தபோது, பாணேர் ஆஸ்பத்திரி வேண்டவே வேண்டாம் என்று பாமா ஒரே பிடியாக நின்றாள். மருமகன் கோவிந்தராஜன் போசரியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவன், சாது. ஸ்டாஃப் என்றால் பாதிக் கட்டணம்தானே, அங்கேயே பார்த்துவிடலாமே என்று அவன் இரண்டு தடவை கேட்டான். நம்ம புள்ளை வயித்தை எதுக்குக் கிழிக்கணும் என்றாள் பாமா. அரசு ஆஸ்பத்திரியில் தேவையில்லாமல் கத்தி எடுக்க மாட்டார்கள், மீனு பிறந்ததும் அங்கேதான், தான் பிறந்ததும் அங்கேதான் என்றாள். நீங்களே அங்கே வேலை பார்க்கிறீர்களே அத்தை என்று அவன் குழம்பியபோது, அதனால்தான் சொல்கிறேன் என்று முடித்துவிட்டாள். அதற்கு மேல் விளக்கினால் தன் வண்டவாளம் வெளியே வந்துவிடும். அரசு ஆஸ்பத்திரியில் தேவையில்லாமல் கத்தி எடுக்க மாட்டார்கள் என்பது நிஜம்தான். தேவைப்பட்டால் எத்தனை பேருக்கு எத்தனை கத்தி இருக்கிறது என்பதை அவள் யோசிக்கவில்லை. கோதை மாநிலக் கணக்கை நம்பினாள், பாமா அரசு ஆஸ்பத்திரிக் கணக்கை நம்பினாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

செவ்வாய்க்கிழமை விடியும்போது மீனுவுக்கு வலி எடுத்தது. ஏழு மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். பிரசவ வார்டில் ஒரு கட்டிலுக்கும் அடுத்த கட்டிலுக்கும் நடுவே ஆள் நுழைய முடியாத கூட்டம். கூட ஒரு பெண் மட்டும் இருக்கலாம் என்றார்கள், பாமா இருந்தாள். கோவிந்தராஜன் வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்தான்.

எட்டரை மணிக்கு வந்து பார்த்த இளம் டாக்டர், இவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுவிட்டு, தமிழா என்று முகம் மலர்ந்தாள். பெயர் நஸ்ரின். மேலப்பாளையத்துப் பெண். மேல்படிப்புக்கு இங்கே இடம் கிடைத்து வந்து இரண்டு வருஷம் ஆகிறதாம். இருபத்தேழு வயசு இருக்கும். முந்தாநாளிலிருந்து தூங்காத கண்கள். ஆனாலும் மீனுவிடம் சிரித்துப் பேசினாள், எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்றாள்.

பாமாவுக்கு உள்ளூர ஒரு உறுத்தல். கோதை சொன்னது ஞாபகம் வந்தது. உங்க ஊர்ப் பக்கம் கவர்மெண்ட்லயே ஆபரேஷன் அதிகமாமே என்று கேட்டுவைத்தாள். நஸ்ரின் மறைக்கவில்லை.

"கூடத்தாம்மா இருக்கு. அங்க சில நேரம் அவசரப்படுதாங்களோன்னு தோணும். இங்க சில நேரம் தாமசமாயிருதோன்னு தோணும். ஒவ்வொரு பொம்பளையாப் பாத்துத்தான் எது சரின்னு சொல்ல முடியும்."

இதில் முதல் பாதி மட்டும்தான் பாமாவின் காதில் ஏறியது. கத்தி எடுத்துப் பழகிய ஊரிலிருந்து வந்தவள், இவளிடம் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

பதினொன்று பத்துக்கு நஸ்ரின் வேகமாக வந்தாள். மீனுவின் வயிற்றில் கட்டியிருந்த பட்டையைச் சரிசெய்து, குழந்தையின் துடிப்பைப் பதியும் மெஷினிலிருந்து வந்துகொண்டிருந்த நீளக் காகிதத்தை இழுத்துப் பார்த்தாள். மீனுவை இடது பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தாள். மறுபடி பார்த்தாள். பிறகு பாமாவை வராந்தாவுக்கு அழைத்துவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா, குழந்தையோட துடிப்பு குறையுது. ஆபரேஷன் பண்ணிரணும்."

பாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது என்றால் நம்பமாட்டீர்கள், ஆனால் வந்தது. அதே பிடி, அதே குரல், அதே வாக்கியம். நம்ம வேலையை நம்மகிட்டயே காட்டுகிறாளே இந்தப் பெண் என்று நினைத்தாள். வேண்டாம் டாக்டர், இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று நிதானமாகச் சொன்னாள்.

நஸ்ரின் உள்ளே ஓடி அந்தக் காகிதத்தையே கிழித்துக்கொண்டு வந்து காட்டினாள். இங்கே பாருங்கள், வலி வரும்போது விழுகிறது, வலி போன பிறகும் ஏறவில்லை, ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இப்படி இல்லை என்று விரலை வைத்து வைத்து விளக்கினாள். பாமா பார்த்தாள். மலையும் பள்ளமுமாக ஒரு கோடு. பன்னிரண்டு வருஷமாகத் தினமும் கண்ணில் பட்ட காகிதம்தான், அதில் ஒரு அட்சரமும் அவளுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லப் பிடிக்கவில்லை. இந்த வார்டின் பெரிய டாக்டர் வரட்டும் என்றாள்.

இப்போது தியேட்டர் காலியாக இருக்கிறது, மயக்க டாக்டர் ஒருத்தர்தான் இருக்கிறார், ஜுன்னர் பக்கத்திலிருந்து ரத்தப்போக்கோடு ஒரு கேஸ் ஆம்புலன்ஸில் வந்துகொண்டிருக்கிறது, அது வந்துவிட்டால் மேஜை கிடைக்காது என்றாள் நஸ்ரின். பாமாவுக்கு அதுவும் பழைய பாட்டாகவே கேட்டது. தியேட்டர் இப்போதுதான் காலி, உடனே முடிவு சொல்லுங்கள் என்று மேடமும் சொல்வது வழக்கம்தான்.

நஸ்ரின் மீனுவிடமே போய்க் கேட்டாள். மீனு வலிக்கு நடுவே, அம்மா சொன்னால் சரி என்றாள். பாமா அவள் காதருகே குனிந்து, பயமுறுத்துவாங்க, கையெழுத்து போடாத என்றாள்.

"பேப்பரை நீ பாத்தியாம்மா?"

"பாத்தேன். ஒண்ணும் இல்ல."

மீனு கண்ணை மூடிக்கொண்டாள். நீட்டிய பேனாவை வாங்கவில்லை.

விஷயம் கேட்டுக் கோவிந்தராஜன் வார்டு வாசலுக்கு ஓடிவந்தான். முகம் வெளுத்திருந்தது. போட்டுடலாம் அத்தை, எனக்கு பயமா கீது என்றான். பாமாவுக்கு எரிச்சல் வந்தது. படித்த டாக்டர் சொன்னதும் பல்லைக் காட்டுகிற ஆம்பிளை என்று நினைத்தாள்.

"மாப்பிள்ளை, இதே வார்த்தையை நான் பன்னெண்டு வருஷமா சொல்லிக்கினு இருக்கேன். எப்டி சொல்லுவாங்க, எதுக்கு சொல்லுவாங்கன்னு என்னாண்ட கேளுங்க. உங்களுக்கு இன்னா தெரியும்?"

அந்த நேரத்தில் வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. நாலு பேர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள், கூடவே பெரிய டாக்டரும் ஓடினார். தியேட்டர் கதவு மூடிக்கொண்டது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

நஸ்ரின் இரண்டாவது தடவை வந்தாள், பாமா அசையவில்லை. பதினொன்று நாற்பதுக்கு மூன்றாவது தடவை வந்தபோது அவள் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. குரலைத் தாழ்த்தவும் இல்லை. வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். உங்க பேரப்பிள்ளைம்மா, உங்க சொந்தப் பேரப்பிள்ளை என்று சொல்லும்போது அவள் கை நடுங்கியது, கண்ணில் நீர் தளும்பி நின்றது. பாமா அப்போதுதான் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். மேடம் ஒருநாளும் கத்தியதில்லை. மேடத்தின் கை ஒருநாளும் நடுங்கியதில்லை.

அவள் வாயைத் திறப்பதற்குள் மீனு பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். அம்மாவை அவள் பார்க்கவில்லை. ஆனால் மேஜையில் ஜுன்னர்க்காரி கிடந்தாள். அவளும் யாரோ பெற்ற பெண்தான், பாதியில் இறக்கிவைக்க முடியுமா? சிவப்பு விளக்கு அணைய இன்னும் இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. அந்த இருபத்தைந்து நிமிஷமும் பாமா வராந்தாச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, மாரியாத்தா, மாரியாத்தா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். தியேட்டரிலிருந்து வெளியே வந்த பெரிய டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் ஏன் கொண்டுவரவில்லை என்று மராட்டியில் நஸ்ரினைப் பிடித்துக் கத்தினார். நஸ்ரின் பாமாவைக் காட்டிக்கொடுக்கவில்லை. தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

பன்னிரண்டு இருபதுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பாமா கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். எந்தச் சத்தமும் வரவில்லை. கதவு திறந்து, ஒரு நர்ஸ் சின்னத் துணிப்பொட்டலம் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு, அதன் முகத்தில் ரப்பர்ப் பை ஒன்றை அழுத்தி அழுத்தி விட்டபடி குழந்தைகள் பிரிவுக்கு ஓடினாள்.

நாலு நாள் ஆயிற்று. குழந்தை பிழைத்துக்கொண்டது. முதல் நாள் இரண்டு தடவை வலிப்பு வந்தது, மருந்து போட்டு அடக்கியிருந்தார்கள். மூளைக்குக் காற்று போகாமல் இருந்த நேரம் அதிகம், என்ன ஆகும் என்று இப்போது சொல்ல முடியாது, தலை நிற்கிறதா, உட்காருகிறதா, நடக்கிறதா என்று ஒவ்வொன்றாக மாதக்கணக்கில் பார்க்கவேண்டும் என்றார் குழந்தைகள் டாக்டர். கோவிந்தராஜன் அத்தையிடம் சண்டை போடவில்லை, பேச்சையே நிறுத்திவிட்டான். டீ வாங்கிவந்தால் அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவான்.

நாலாம் நாள் காலையில் நஸ்ரின் மீனுவின் தையலைப் பார்க்க வந்தாள். பார்த்து முடித்ததும் போகாமல் பாமாவின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஏதாவது திட்டுவாள் என்று பாமா தலையைக் குனிந்துகொண்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் ஏதும் தப்பாப் பேசிட்டனாம்மா? வேற மாதிரிச் சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களோ? நாலு நாளா அதையேதான் நினைக்கேன்."

அதற்கு மேல் பாமாவால் மறைக்க முடியவில்லை.

"நீ சரியாத்தாம்மா சொன்ன. நான் சொல்ற மாதிரியே சொன்ன. அதான் நம்பல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பாணேர், நீலக்கரைச் சேலை, ஐந்து வாக்கியங்கள், மகர்பட்டா வரவேற்பு, கோதை, ஸ்டெல்லா கண்ணடித்தது, தான் சிரித்தது, மைசூர்பாகு. நஸ்ரின் குறுக்கே பேசாமல் கேட்டாள். நான் அங்கே யாருக்கும் அந்தப் பேப்பரைக் காட்டினதே இல்லை, நீ பேப்பரைக் கிழிச்சு எடுத்துக்கிட்டு ஓடிவந்தாய், அதைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்கணும் என்றாள் பாமா. நஸ்ரின் ஆறுதல் சொல்லவில்லை. எழுந்து, பாமாவின் தோளில் ஒரு நொடி கையை வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

பாமா திரும்பினாள். மீனு விழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"பாத்தேன்னு சொன்னியேம்மா. உனக்கு அந்தப் பேப்பர் படிக்கத் தெரியும்னு நெனச்சேன்."

"தெரியாது."

"நான் தெருவெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேனே."

மீனு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியது. தடவிக்கொடுக்கப் போன கையைப் பாமா பாதியிலேயே எடுத்துக்கொண்டாள்.

மத்தியானம் பாமாவின் ஃபோன் அடித்தது. பாணேரிலிருந்து மேடம். மகளுக்குப் பிரசவம் என்று லீவ் சொல்லியிருந்ததால், எல்லாம் நல்லபடியாகத்தானே என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தார். திருச்சியிலிருந்து வந்த ஒரு அம்மா மகளுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று பிடிவாதம் பிடிக்கிறார், குழந்தையின் துடிப்பு குறைகிறது, நீ இரண்டே நிமிஷம் பேசிவிடு என்று இந்தியில் சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் ஃபோனை அந்த அம்மாவின் கையில் கொடுத்துவிட்டார்.

அந்தப் பக்கம் ஒரு பெண்குரல், நடுக்கத்தோடு. நீங்க தமிழாமே, நம்பலாமா, இவங்க சொல்றது உண்மையா என்று கேட்டது. பாமா ஃபோனைக் காதில் வைத்தபடி எழுந்து நின்றுவிட்டாள். நம்பாதீர்கள் என்று சொல்லலாம். ஆனால் இன்றைக்கு அது நிஜமாக இருந்தால்? நம்புங்கள் என்றும் சொல்லலாம். மகர்பட்டாவில் இன்னொரு கல்யாணம் இருந்தால்? கட்டிலில் மீனு இந்தப் பக்கம் திரும்பி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாதும்மா. எனக்கு அதைப் படிக்கத் தெரியாது, இத்தனை வருஷமாத் தெரியாது. மெஷின்ல இருந்து வர்ற பேப்பரைக் காட்டச் சொல்லுங்க. ஒரு மணி நேரத்துக்கு முந்தி எப்படி இருந்துச்சு, இப்ப எப்படி இருக்குன்னு கேளுங்க. காட்டி வெளக்கிட்டாங்கன்னா ஒரு நிமிஷம்கூட யோசிக்காதீங்க. உடனே கையெழுத்துப் போட்டுடுங்க."

அந்த அம்மா யாரிடமோ பேப்பரைக் காட்டுங்கள் என்று அரைகுறை இங்கிலீஷில் கேட்பது கேட்டது. பதில் என்ன வந்தது என்று தெரியவில்லை. மேடத்தின் குரல் அருகில் வந்தது, பாமா என்று ஒரு தடவை அழைத்தது, பிறகு இணைப்பு அறுந்துபோனது. இனி நீலக்கரைச் சேலைக்கு வேலை இல்லை என்பது பாமாவுக்குப் புரிந்தது. அதில் வருத்தம் ஒன்றும் தோன்றவில்லை. திருச்சிக்காரியின் மகளுக்கு என்ன ஆகியிருக்கும் என்பதுதான் திரும்பத் திரும்ப மனசில் ஓடியது.

மீனு மெல்ல எழுந்து உட்கார்ந்து, பிழிந்துவைத்திருந்த பால் கிண்ணத்தை மூடி அம்மாவிடம் நீட்டினாள். எடுத்துக்கினு போ, டைம் ஆயிடுச்சு என்றாள். மன்னித்துச் சொன்னாளா, வேறு ஆள் இல்லையென்று சொன்னாளா என்று பாமா ஆராயவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

குழந்தைகள் பிரிவில் செருப்பைக் கழற்றி, கையைக் கழுவி, கிண்ணத்தை நர்ஸிடம் கொடுத்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் பேத்தி மூக்கில் குழாயோடு படுத்திருந்தாள். மீனுவின் நெற்றி, கோவிந்தராஜனின் காது. பக்கத்தில் ஒரு சின்னத் திரையில் பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது, மேலே ஒரு எண் மாறிக்கொண்டே இருந்தது. நூற்று முப்பத்தெட்டு, நூற்று நாற்பத்தொன்று, நூற்று முப்பத்தாறு.

பாமா நர்ஸைக் கூப்பிட்டாள். பன்னிரண்டு வருஷத்தில் எத்தனையோ பெண்களிடம் துடிப்பு குறைகிறது என்று சொன்னவள், முதல் தடவையாக அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"சிஸ்டர், இது எவ்வளவு இருக்கணும்?"

இத்தனைக்குக் கீழே போகக்கூடாது, இத்தனைக்கு மேலே போகக்கூடாது என்று நர்ஸ் மராட்டியில் இரண்டு எண்களைச் சொல்லிவிட்டுப் போனாள். பாமா அந்த இரண்டு எண்களையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு வெளியே போகச் சொல்லும் வரை திரையையே பார்த்துக்கொண்டு அங்கே நின்றாள்.